காந்தம் ஒட்டாத இடம்

காந்தம் அந்த இடத்தில் ஒட்டவில்லை.

இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். அறுக்கக் கிடத்தியிருந்த புளியமரத்துத் தடியில், முண்டுக்கு மேலே ஒரு சாண். அம்மா காட்டிய இடம் அதுதான். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் இது. பட்டைக்குள் ஆணி இருந்தால் கையையே பிடித்து இழுக்கும். இப்போது சும்மா வழுக்கிக்கொண்டு போனது.

"என்னடி, கெடச்சுதா?"

அம்மா பட்டறை வாசலிலேயே நின்றாள். மரத்துக்குப் பக்கத்தில் வரப் பயம்.

நான் பதில் சொல்லவில்லை. எப்போதுமே சொல்ல மாட்டேன் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உயிரோடு நிற்கிற மரத்தை எங்கள் பட்டறையில் தொடுவதில்லை. குளத்தூரைச் சுற்றிக் காற்றில் சாய்ந்தது, பட்டுப்போனது, இவைதான் எங்கள் மேசையும் நாற்காலியும். அன்றைக்கும் அப்பா ஆவூரில் விழுந்த ஒரு வேம்பைப் பார்க்கப் போயிருந்தார்.

ஊர் மரத்துக்குள் எல்லாம் இருக்கும். போர்டு அடித்த ஆணி, துணி காயப்போட்ட கம்பி. போன வருடம் ஒரு வாகைக்குள் கிடந்த ஆணி பட்டு ரம்ப மெஷினின் பிளேடு அறுந்தது. அண்ணன் காதை ஒட்டிப் போய்ச் சுவரில் குத்தி நின்றது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் இருந்த எனக்கு அன்றிலிருந்து இந்த வேலை. இரும்பு இருக்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும்.

இந்தப் புளியமரத்து ஆணி வேறு மாதிரி.

அண்ணன் மனைவியான மதினிக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போனபோது அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். புளியமரத்துப் பேய் என்றார் கோடாங்கி. புளிய விளாறால் அடித்தார். உச்சி முடியைக் கொத்தாகப் பிடுங்கி, ஓர் ஆணியில் சுற்றி, ஊர் எல்லையில் நின்ற இந்த மரத்தில் அறைந்தார். ஆணி மரத்தில் இருக்கும்வரை பேயும் மரத்தில் இருக்குமாம். எடுத்தால் திரும்பி வந்துவிடுமாம்.

மூன்று வருடம் ஆகிறது. மதினி பேசுகிறாள், சிரிக்கிறாள். பிடுங்கிய இடத்தில் மட்டும் முடி முளைக்கவில்லை. வகிட்டை மாற்றி எடுத்து மறைத்துக்கொள்வாள்.

போன வாரம் மரம் விழுந்ததும் அம்மாதான் அதை இங்கே கொண்டுவரச் சொன்னாள். வேறு யாராவது வாங்கி ஆணியைப் பிடுங்கிவிட்டால்? ஆணி இருக்கும் துண்டை மரத்தோடு அறுத்தெடுத்து ஐயனார் கோயில் எல்லையில் புதைப்பது என்று முடிவு. மிச்ச மரம் ஒரு வீட்டுக்குச் சாப்பாட்டு மேசை.

"இல்லேன்னா இல்லேன்னு சொல்லு. இப்பவே இவளக் கோடாங்கிக்கிட்டக் கூட்டிப் போயிர்றேன். வயித்துப் புள்ளையோட வெளையாட முடியாது" என்றாள் அம்மா.

மதினி மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள்.

"ஒங் காந்தம் தூங்குதா? ஒரு டீ வாங்கிக் குடு" என்றான் அண்ணன். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

மூலையில் நாற்காலிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்த மதினியின் உப்புத்தாள் நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். தலையை இல்லை என்பதுபோல் லேசாக, மிக லேசாக அசைத்தாள்.

மரம் ஆணியை உள்ளே விழுங்கியிருந்தால் காந்தத்துக்குத் தெரியாது. பிளேடுக்குத் தெரியும். பிளேடுக்குப் பக்கத்தில் நிற்கப்போவது அண்ணன்.

இல்லை என்று சொன்னால் விளாறு.

சாக்பீஸை எடுத்து அம்மா காட்டிய இடத்திலேயே வட்டம் போட்டேன்.

"இங்கிட்டு இருக்குண்ணே."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அண்ணன் செயின் ரம்பத்தால் வட்டத்தைச் சுற்றி அறுத்துத் துண்டைப் பெயர்த்தான். அம்மா கையால் வாங்காமல் மஞ்சள் துணியை விரித்து வாங்கினாள். உள்ளே ஓடித் திருநீற்றுப் பையை எடுத்துவந்து மதினி நெற்றியில் அழுத்திப் பூசினாள். பையை அவளிடமே கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கோயிலுக்கு நடந்தாள்.

அண்ணன் தடியை மெஷினில் ஏற்றிச் சுவிட்சைப் போட்டான்.

என் கையில் இருந்த சாக்பீஸ் வியர்வையில் ஊறி மாவாகியிருந்தது. நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தேன். மதினி எழுந்து வந்து பிளேடுக்கு நேராக, அண்ணன் பக்கத்தில் நின்றாள்.

"அமுதா, அங்கிட்டுப் போ!"

"ஒண்ணும் ஆகாது. ஓட்டுங்க."

அவன் முறைத்தான். அவள் நகரவில்லை. திருநீற்றுப் பை கையிலேயே இருந்தது.

பிளேடு மரத்துக்குள் இறங்கியது. முண்டு வந்தது. அம்மா காட்டிய இடம் வந்தது. சத்தம் மாறும் என்று காத்திருந்தேன். மாறவே இல்லை.

பலகை பிரிந்து விழுந்தது. வெளிர் மஞ்சளுக்கு நடுவில் கருஞ்சிவப்பாக வைரம் பாய்ந்திருந்தது. துருக்கறை ஒரு பொட்டுக்கூட இல்லை.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சரியான எடத்துலதான் வட்டம் போட்டிருக்கா" என்றான் மதினியிடம்.

"ம்" என்றாள் மதினி. பையை மாட்ட வீட்டுக்குள் போனாள். தண்ணீர் குடிக்க நானும் பின்னால் போனேன்.

சாமி படத்துக்குக் கீழே பை எப்போதும் தொங்குகிற ஆணி. விடிந்ததும் அம்மாவின் கை முதலில் போவது அங்கேதான். இத்தனை மரத்தில் இத்தனை ஆணியைப் பார்த்தவள், இதை நான் நின்று பார்த்ததே இல்லை.

கடையில் வாங்கியது மாதிரி இல்லை. கொல்லன் அடித்த சதுரத் தலை. குறடு பிடித்து இழுத்த தடம். தலைக்குக் கீழே கறுப்பாக ஒரு சுற்று.

அதை நான் நூல் என்றே நினைத்திருந்தேன்.

மதினி பையை அதன்மேல் மாட்டிவிட்டு, வகிட்டைச் சரிசெய்துகொண்டாள்.