மாற்று சர்வர்

"சர்வர் படுத்துடுச்சுக்கா. பதிவு பண்ணாம நெல்லை எடை போட முடியாது," என்றாள் உழவர் சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் கவிப்ரியா.

வெளியே, களத்தில் கொட்டியிருந்த தர்மாம்பாளின் நெல் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

"ஆறு மா நிலத்துக்கு நானே ரெண்டு மோட்டார் வச்சிருக்கேன், ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஓடும். இவ்வளவு பெரிய சங்கத்துக்கு மாத்து சர்வர் வாங்கத் துப்பில்லையா?"

"வாங்கியாச்சுக்கா. இதுல ஏத்துற கணக்கெல்லாம் அப்பப்ப அதுலயும் ஏறிடும்."

"அப்புறமென்ன? அதுக்கு மாத்து."

"தலைவர் தொடக் கூடாதுங்கிறார்."

"ஏனாம்?"

கவிப்ரியா பக்கத்து அறைக் கதவைத் திறந்தாள். சந்தனப் பொட்டு வைத்த புது சர்வரின் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"அமைச்சர் வந்துதான் திறக்கணுமாம். இன்னும் தேதி கிடைக்கலை."

தர்மாம்பாள் ஈரக் கையாலேயே ரிப்பனைப் பிய்த்தெறிந்தாள்.

"திறந்தாச்சு. எடையைப் போடு."