முதல் கரண்டி

"கையக் காட்டுங்கடி!" என்றான் கடற்படைக்காரன்.

எல்லோரும் உள்ளங்கையை நீட்டினோம். பதுங்குகுழி வெட்டிய கைகள், ஒன்றுபோலக் காய்த்திருந்தன. தலையும் எல்லோருக்கும் மொட்டை.

எங்களில் ஒருத்தி இளவரசி, இந்தப் பெண்கள் படையின் தலைவி என்று அவனுக்குத் தகவல் வந்திருந்தது. முகம் தெரியாது. ரஷ்யாவில் ஜார் மன்னர் போய், அடுத்து வந்த அரசாங்கமும் கவிழ்ந்து, புரட்சிக்காரர்கள் படையைக் கலைத்து எங்களை ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். இவன் ஆட்கள் ரயிலை இங்கே மறித்ததே அவளைப் பிடிக்கத்தான். அகப்பட்டால் சுவரோரம் நிறுத்திச் சுடுவார்கள். மற்றவர்கள் ஊருக்குப் போகலாம்.

யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சலவைக்காரி பெலகேயா ரயிலிலேயே ஒவ்வொருத்தியிடமும் சிலுவைமேல் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அவன் யோசித்தான். பிறகு, ஆவி பறக்க ஒரு சட்டி தினைக் கஞ்சி வந்தது.

"பாவம், பட்டினியா வந்திருக்கீங்க. சாப்பிடுங்க, அக்காமாரே."

திருடன். அவனும் கிராமத்துப் பிள்ளைதான். வீட்டுக்குப் பெரியவர் கரண்டி வைக்காமல் மற்றவர்கள் சட்டியைத் தொடமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியாதா?

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எங்களுக்குப் பழக்கம் மட்டும் பறக்கவில்லை. கரண்டியும் கையுமாக அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் உஸ்தீன்யா அள்ளி வாயில் வைத்தாள். பதினேழு வயது, எங்களில் சின்னவள். உடனே மற்ற கரண்டிகள் சட்டிக்குள் பாய்ந்தன.

"அப்படி வாங்க, மகாராணி!" என்று அவள் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தூக்கினான்.

முட்டாள். எங்கள் படையில் வழக்கம் தலைகீழ். சின்னவள் வாய் வைத்த பிறகுதான் மற்றவர்கள். தலைவி கடைசி.

உஸ்தீன்யாவின் முகம் வெளுத்தது. ஆனால் அவள் மறுக்கவில்லை.

நான் எழுந்தேன்.

"அவளை விடு. நீ தேடுற இளவரசி நான்தான்."

அவன் என் கையை மறுபடி புரட்டிப் பார்த்துச் சிரித்தான். "இதுவா இளவரசி கை? பாத்திரம் தேய்க்கிற கை! சரி, தலைவின்னா ஒரு உத்தரவு போடு, பாக்கலாம்."

"படை, எழுந்து நில்!" என்றேன்.

குண்டு மழையிலும் இந்தக் குரலுக்கு எழுந்தவர்கள். ஒருமுறைகூட மீறியதில்லை.

ஒருத்தியும் அசையவில்லை. குனிந்த தலை நிமிராமல் கஞ்சி குடித்தார்கள்.

"தலையில அடிபட்டதுலேருந்து இவ இப்படித்தான் உளறுவா, தோழரே" என்றாள் பெலகேயா. "உக்காருடி. கஞ்சி ஆறுது."

நான் கத்தினேன். நான்தான், நான்தான் என்று கத்தினேன். அவன் காதில் வாங்கவில்லை.

உஸ்தீன்யா அவன் கையைத் தட்டிவிட்டுத் தானே கதவை நோக்கி நடந்தாள். தலையை நிமிர்த்தி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அச்சு அசலாக என்னைப் போலவே.