இடது கால் செருப்பு

“திருட்டு நாயே! எங்கேடா புதைச்சே?”

கையில் மண்வெட்டியுடன் மாஸ்டர் கத்தினார். தோட்டத்தில் அது ஒன்பதாவது குழி. மனைவி ஆசையாய் வளர்த்த ரோஜாச் செடிகள் மூன்று வேரோடு சாய்ந்து கிடந்தன, செருப்பு மட்டும் கிடைக்கவில்லை.

பஞ்சு வாலை ஆட்டிக்கொண்டு குழிக்குள் எட்டிப் பார்த்தது. தொங்கும் காதும் பாவமான கண்ணுமாக, ஸ்பானியல் நாய்களுக்கே உரிய அப்பாவி முகம். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். “செருப்பு எடுத்துட்டு வா” என்றால் பஞ்சு ஓடிப்போய் அவருடைய இடது கால் செருப்பைக் கவ்வும். கவ்விய வேகத்தில் அவரையே தாண்டி, பின்கதவு வழியாகப் பறந்துவிடும். அரை மணி நேரம் கழித்து வெறும் வாயோடு வந்து நிற்கும்.

ஒரு மாதத்தில் நான்கு ஜோடி போயிற்று. முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தி, கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவர்களுக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த மனுஷர், ஒரு நாயிடம் தோற்பதாவது? புதுச் செருப்பு வாங்குவார், மறுபடி ஏவுவார், மறுபடி ஒற்றைச் செருப்போடு நிற்பார்.

வேறு வழியில்லாமல், வேட்டை நாய்களைப் பழக்குகிறவர் ஒருவரை அன்று காலை வரவழைத்திருந்தார். அவர் பஞ்சுவின் வாயைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“குழி தோண்டுறத நிறுத்துங்க சார். இது புதைக்கிற ஜாதி இல்ல. சுட்டு வீழ்த்தின பறவைய ஒரு இறகு கலையாம கவ்விட்டு வந்து கையில கொடுக்குற ஜாதி.”

“எந்தக் கையில? என் கைக்கு ஒண்ணும் வரலையே!”

“யார் பழக்கினாங்களோ அந்தக் கையிலதான் கொடுக்கும். இதை யார் பழக்கினது?”

“நான்தான்! போன வருஷம் வரைக்கும் நான் சொன்னா டாண்ணு என் காலடிக்குச் செருப்பு வந்துடும். அப்புறம் சொன்னா எழுந்திரிக்கக்கூட இல்ல. இப்ப ஒரு மாசமா இந்தக் கூத்து.”

“காலடிக்கு வந்துச்சு, சரி. அது வாயிலேருந்து வாங்கினது யார்?”

சமையலறையில் ஒரு பாத்திரம் கைநழுவி விழுந்தது. மாஸ்டர் அந்தப் பக்கம் ஒரு முறை முறைத்தார்.

“இந்த வீட்டுல யாரும் என் பேச்சைக் கேக்குறதில்ல. அதுல இதுவும் ஒண்ணு. சாயங்காலம் வந்து நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க. எனக்கு வேண்டாம்.”

பயிற்சியாளர் சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

“கொடுக்குறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. ஒரே ஒரு தடவை அது பின்னாலயே போய்ப் பாத்துட்டுக் கொடுங்க.”

“நாய் பின்னால நான் ஓடணுமா?”

“நான் சொல்லி நீங்க எதையும் கேட்டதில்ல. நாய் சொல்லியாவது கேளுங்க.”

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நேற்று வாங்கிய ஐந்தாவது ஜோடியில் வலதை மட்டும் மாட்டிக்கொண்டு, இடதை வாசலில் விட்டுவிட்டு ஏவினார். பஞ்சு கவ்வியது, பறந்தது.

மாஸ்டர் நொண்டிக்கொண்டே துரத்தினார். பள்ளிக்கூடச் சுவர், லாண்டரிக் கடை, ரயில்வே கேட் எல்லாம் போயிற்று. வெறுங்காலில் கல் குத்தியது. பழைய மாணவன் ஒருவன் காரை ஓரம் கட்டி, “மாஸ்டர், ஏறிக்குங்க” என்றான்.

“முதல்ல இண்டிகேட்டரைப் போடுடா!” என்று அவன் மேல் எரிந்து விழுந்துவிட்டு ஓடினார். எந்தத் திருட்டுப் பயல் நாயைக் கெடுத்து வைத்திருக்கிறான் என்று இன்று பார்த்துவிடுவது. அவனை நாலு கேள்வி கேட்காமல் திரும்புவதில்லை.

யாரோ புதிதாகக் குடிவந்த ஒரு வீட்டின் வராந்தாவில் பஞ்சு ஏறியது. பிரிக்காத அட்டைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நான்கு இடது கால் செருப்புகள், பளிச்சென்று துடைத்து, வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

மாஸ்டர் மூச்சு வாங்கக் கதவைத் தட்டக் கையை ஓங்கினார். அதற்குள் கதவே திறந்தது. பஞ்சு உட்கார்ந்து, நீண்டு வந்த கையில் செருப்பைப் பதமாக வைத்தது.

அந்தக் கையை அவருக்குத் தெரியும். தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டாள் என்பதற்காக, “இனி என் முகத்துல முழிக்காதே” என்று போன வருஷம் அவர் வெளியே அனுப்பிய ஒரே மகளின் கை.

கேட்க வைத்திருந்த நாலு கேள்வியும் மறந்துபோயின. ஓங்கிய கையை இறக்கினார்.

மகள் அவருடைய கால்களைப் பார்த்தாள். இடது கால் வெறுங்கால், வலது காலில் செருப்பு.

“எடது காலுக்கு இதோட அஞ்சு வந்தாச்சு. வலது காலை எடுத்து வெச்சு உள்ள வாங்கப்பா.”