கொட்டகைத் தொலைபேசி

பேஸ்பால் மைதானத்தின் மதிலுக்குப் பின்னால் ஒரு கொட்டகை உண்டு. ஆட்டத்தில் பந்து எறிகிறவனின் கை ஓய்ந்துவிட்டால் அவனுக்கு மாற்றாக இறங்குகிறவர்கள், அங்கேதான் எறிந்து எறிந்து கையைச் சூடேற்றிக்கொண்டு காத்திருப்பார்கள். பரஞ்சோதி அப்படிக் காத்திருந்தே நரைத்தவன். பயிற்சியாளர் கூப்பிட்டுக் கொட்டகைத் தொலைபேசி அடித்தால் மைதானத்துக்குள் ஓட வேண்டும். பெரும்பாலும் அது அவனுக்காக அடிப்பதில்லை. எதிரே குந்தியிருந்து அவன் பந்துகளைப் பிடிப்பதும், தொலைபேசியை எடுப்பதும் இருதயராஜின் வேலை.

இன்று கடைசி ஆட்டம். இதோடு பரஞ்சோதியை அணியிலிருந்து அனுப்பிவிடப் போகிறார்கள். மதிலுக்கு அப்பால் கூட்டம் இரைந்துகொண்டிருக்க, அவன் எறிந்தான். பந்து வந்த சத்தம்தான் இருதயராஜுக்குக் கேட்டது, வந்ததைக் காணவில்லை. அடுத்ததும் அப்படியே. கையுறையை மயிரிழைகூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை. சோதித்துப் பார்க்கக் கண்ணை மூடிக்கொண்டார். வைத்த இடத்திலேயே வந்து இறங்கியது. இத்தனை வருஷத்தில் எவனும் இப்படி எறிந்து அவர் பார்த்ததில்லை. உள்ளங்கை கொதித்தது. மாதா கோயில் பூசையில் சாமியார் நற்கருணை அப்பத்தை உயர்த்தும்போது பதிவதுபோல, அவருடைய முழங்கால் தானாக மண்ணில் பதிந்தது.

அப்போது தொலைபேசி அடித்தது.

“அண்ணே, போன்!” பரஞ்சோதியின் முகம் மலர்ந்தது. “என்னையத்தாண்ணே கூப்புடுறாங்க.”

“கேக்குதுப்பா.” இருதயராஜ் எழுந்திருக்கவில்லை. கையுறையை நெஞ்சுக்கு நேராக விரித்துப் பிடித்தார். “இன்னும் ஒண்ணே ஒண்ணு. போட்டுட்டுப் போயிரு.”

பரஞ்சோதி தொலைபேசியைப் பார்த்தான். கையுறையைப் பார்த்தான். பிறகு எறிவதற்குக் காலைத் தூக்கினான்.

மணி எப்போது நின்றதென்று இருவருக்குமே தெரியாது.