பாலத்து ஏற்றம்

அச்சகக்காரருக்குச் சைக்கிள் பழக்கியது அவருடைய அண்ணன். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவருவார். அண்ணன் போய்ச் சேர்ந்து பதினோரு வருடமாகிறது. எழுபது தாண்டிய தம்பி இப்போது பேட்டரி சைக்கிளுக்கு மாறிவிட்டார்.

அன்று காலை பாலத்து ஏற்றத்தில் வண்டி அலுங்காமல் குலுங்காமல் போனது. பெடலில் கால் பேருக்குத்தான் இருந்தது. காதிலிருந்த இயர்போனில் மகள் கூப்பிட்டாள்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"பாலத்துல பாதி ஏறிட்டேன்மா. பேட்டரி புண்ணியத்துல காலே வலிக்கல."

"விளையாடாதீங்கப்பா. பேட்டரிய நேத்தே கழட்டி சார்ஜ் போட்டேன். இதோ, என் முன்னாடிதான் இருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். பேட்டரி இருக்கும் இடம் காலியாக இருந்தது. வண்டி ஏறிக்கொண்டேயிருந்தது.

முதுகுக்குப் பின்னால் யாருக்கோ மூச்சு வாங்கியது.

"கீழ பாக்காதடா. நேரா பாத்து மிதி."