மேரியம்மாவின் ஹெரால்டு

"விக்கிறதுக்கு உன்ன வரச் சொல்லலப்பா. பத்தடி உள்ள தள்ளி வைக்கணும். அதுக்குத்தான் கூப்ட்டேன்" என்றாள் மேரி.

லோகேஸ்வரனின் முகம் சுருங்கிப்போனது. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, செவிலிமேட்டிலிருந்து ஜாக்கியும் கையுமாக வந்திருந்தான். அது வாசலில்தான் நின்றது, பாதி தெருவிலும் பாதி மண்ணிலுமாக. ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்க வேண்டும்; இப்போது துருதான் அதன் நிறம். டயர்கள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. பின்சீட்டில் ஒரு பூனை குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

இவனுக்கு இது ஒரு பைத்தியம். மூடிப்போன கம்பெனிகளின் கார் எங்காவது மக்கிக்கொண்டிருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், கிளம்பிவிடுவான். போன மாதம் மாகறலுக்கு ஓடினான். முந்தின நாள்தான் அங்கிருந்த காரை வெட்டி எடைக்குப் போட்டிருந்தார்கள். அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை. அலுவலகத்தில் கேலி செய்தால், செஞ்ச கம்பெனியே போயிட்டுது, இனிமே இந்த மாதிரி ஒண்ணு பொறக்காது, கேக்க ஆளில்லாம நிக்குது, அதான் என்பான். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவன் வேறு என்ன சொல்வான்?

மேரியும் தனிக்கட்டைதான். சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள். செங்கல்பட்டுத் தங்கை எத்தனையோ முறை கூப்பிட்டும் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. விலை கேட்டு மூன்று முறை வந்த லோகேஸ்வரனை, மூன்று முறையும் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பியவள்.

இந்த முறை அவளே போன் செய்தாள். தெருவில் மழைநீர்க் கால்வாய் தோண்டிக்கொண்டு வருகிறார்கள். நாளைக் காலை இயந்திரம் இவள் வாசலுக்கு வந்துவிடும். அதற்குள் எடுக்காவிட்டால் காரை அள்ளிக்கொண்டு போய்விடுவோம் என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டார்.

உள்ளே ஏது இடம் என்று கேட்டான். மேரி கையைக் காட்டினாள். மதிற்சுவரையும் அதை ஒட்டியிருந்த குளியலறையையும் ஆள் வைத்து இடித்துப் போட்டிருந்தாள். செங்கல் தூசி இன்னும் அடங்கவில்லை.

ஓடாத காருக்காகக் குளியலறையை இடித்த மனுஷியை லோகேஸ்வரன் இன்றுதான் பார்க்கிறான். தன்னைப் போல இன்னொரு பைத்தியமும் இந்த ஊரில் இருக்கிறது என்று நினைத்தபோது அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"நான் எடுத்துக்கினு போறேம்மா. பெயிண்ட் அடிக்க மாட்டேன், துருவச் சுரண்ட மாட்டேன். இப்ப எப்பிடி இருக்குதோ அப்பிடியே ஷெட்ல வச்சிக்கிறேன். நீங்க எப்ப வேணா வந்து பாக்கலாம்."

"நல்லா பாத்துக்குவ, தெரியும்பா. ஆனா அது இங்கதான் நிக்கணும்."

அவன் வண்டிக்கு அடியில் படுத்துத் தட்டிப் பார்த்தான். மேலேதான் அப்பளமாக இருந்தது, அடிச்சட்டம் தாங்கும். ஜாக்கியால் தூக்கி, அடியில் இரும்புக் குழாய்களை உருளையாகக் கொடுத்தான். பக்கத்து வீட்டுக் கதிர்வேல் தறியை நிறுத்திவிட்டுக் கை கொடுக்க வந்தார். மூன்று மணி நேரம் அங்குலம் அங்குலமாகத் தள்ளினார்கள். நடுவில் இடது கதவு கழன்று விழுந்தபோது மேரி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அதை அவன் கம்பியால் இழுத்துக் கட்டினான். கடைசியில் ஹெரால்டு, தெருவைப் பார்த்த முகத்தோடு உள்ளே உட்கார்ந்தது.

மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிடலாம் என்றான் லோகேஸ்வரன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. தெருமுனைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள். அங்கிருந்து தெரிகிறது என்றாள். பிறகுதான் காபி போட உள்ளே போனாள்.

காபியைக் கையில் வாங்கியதும் அவனுக்கு ஆசை வந்தது. இந்த வண்டியின் கதையை முழுசாகக் கேட்டுவிட வேண்டும்.

"உங்க வீட்டுக்காரரு எந்த வருஷம்மா வாங்குனாரு? உங்களெல்லாம் எங்கெங்க கூட்டிக்கினு போனாரு?"

"நான் இதுல ஏறுனதே இல்லப்பா. இது எங்க வண்டியே இல்ல. எதிர் வீட்ல குடியிருந்தவங்க காலி பண்ணிக்கினு போவசொல்லோ, ஓடலன்னு இங்கயே விட்டுட்டுப் போயிட்டாங்க. அப்பவே இது இப்பிடித்தான் இருந்துது."

டம்ளர் அவன் கையிலேயே நின்றது. பின்னே எதுக்கும்மா இதெல்லாம் என்று மெதுவாகக் கேட்டான்.

மேரி தெருவைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கருட சேவை கூட்டத்துல எம் புள்ள ஜெபகுமார என் கைதான் நழுவ விட்டுச்சி. இருவத்தாறு வருஷம் ஆவுது. நாலு வயசு. தெருப் பேரு சொல்லத் தெரியாது. உன் வீடு எதுப்பான்னு யாரு கேட்டாலும், 'ஓட்டக் காரு நிக்கிற வீடு'ன்னு மட்டுந்தான் அவனுக்குச் சொல்லத் தெரியும்."