இல்லாத கொசுவம்

புவியியல் டீச்சர் ஜெபசெல்வி அன்றைக்கு ஏழாம் வகுப்பைக் கடலுக்குக் கூட்டிப்போனாள். பிள்ளைகள் அவரவர் வீட்டில் மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றார்கள்; அவர்களுடைய உருவங்கள் கரையில் ஆட்டம் போட்டன. அலை வந்ததும் எல்லாரும் கத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓட, வெண்ணிலா மட்டும் சட்டென்று குனிந்து, முழங்காலருகே எதையோ அள்ளித் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வெண்ணிலாவின் உருவம் போட்டிருந்ததோ யூனிஃபார்ம் பேன்ட்.

ஜெபசெல்விக்குப் புரிந்துவிட்டது. நனையாமல் புடவைக் கொசுவத்தைத் தூக்குகிற கை அது. ஆள்மாறாட்டம் என்றால் உடனே மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். பிள்ளையின் பெயரைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவள் அந்த ஒருத்திக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

"அம்மா, வெண்ணிலா எங்கே?"

உருவம் டீச்சர் பக்கம் திரும்பியது. "காய்ச்சல்ல படுத்திருக்கா டீச்சர். இன்னைக்கும் லீவு போட்டா பேரை எடுத்துருவாங்கன்னுதான் நானே வந்தேன். மன்னிச்சிருங்க, இதோ கழட்டிடறேன்."

ஆனால் கழற்றவில்லை.

"டீச்சர், கடல்னா நெசமாவே இவ்ளோ பெருசா?"

"ஏன், பார்த்ததில்லையா?"

"எங்க டீச்சர்! தருமபுரியைத் தாண்டினதே இல்ல."

மணி அடித்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். இல்லாத கொசுவத்தைப் பிடித்தபடி அந்த உருவம் மட்டும் அலையையே பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த வகுப்புக்காகக் கடலை நிறுத்த வேண்டும். ஜெபசெல்வி பொத்தானிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"கொசுவத்தை விடுங்கம்மா, நனையாது" என்றாள். "உள்ளே இறங்கிப் பாருங்க."